எம்.எட்., எம்.ஏ. கல்வியியல்: விண்ணப்பிப்பது எப்படி, காலேஜ் பேரை எந்த அளவுக்குப் பார்ப்பது? ஒரு முழுமையான வழிகாட்டி

பி.எட். கடைசி செமஸ்டர் நெருங்கும்போது ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கமிருந்து வருகிற கேள்விகளில் பாதி இதுதான்: "எந்தக் காலேஜுக்குங்க நல்ல பேரு?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் முதலில் அல்ல. அதை முதலில் கேட்டு, பேரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தகுதி, சான்றிதழ், பணம் என்று ஒவ்வொன்றாக மோதிப் பாதியில் நிற்பவர்கள் நிறைய. கீழே இருக்கிற வரிசையை மாற்றாமல் போனால் அந்த அலைச்சல் மிச்சம்.

1. பட்டத்தை யார் மேஜையில் வைக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் இதற்குப் பதில் எழுதாமல் எந்த இணையதளத்தையும் திறக்காதீர்கள். கல்லூரிப் பெயருக்கு எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு கிடையாது. உங்கள் கோப்பைப் பிரிக்கிற ஆளைப் பொறுத்து அது மாறும்.

அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் ஆவதுதான் இலக்கு என்றால், ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்பது பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும். எம்.எட். கேட்பதில்லை. தேர்வு மதிப்பெண்தான் தரவரிசை. எந்தக் கல்லூரி என்று அங்கே ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த வழியில் போகிறவர் இரண்டு வருடத்தை எம்.எட்.டில் செலவழிப்பதற்குப் பதில் பாடத்தைப் படிக்கலாம்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் பலர் இன்னும் "எம்.எட். முடிச்சா இன்க்ரிமென்ட் உண்டு" என்று நினைத்துச் சேர்கிறார்கள். உயர்கல்விக்கான அந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. அதன் பிறகு வந்தது ஒரு முறை தரும் ஊக்கத்தொகைதான். சீனியர் ஆசிரியர்கள் வாங்கியதைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். துறையின் முன் அனுமதி இல்லாமல் சேரவும் வேண்டாம்.

கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமா? அப்படியென்றால் பெரும்பாலும் எம்.எட். வேண்டும். பாடத்தில் முதுகலை 55 சதவீதம், எம்.எட். 55 சதவீதம், அதோடு விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட், இல்லையென்றால் முனைவர் பட்டம். இங்கே கதவைத் திறப்பது மதிப்பெண்ணும் அங்கீகாரமும். கல்லூரிப் பெயர் அதற்குப் பிறகுதான்.

தொண்டு நிறுவனம், பாடத்திட்ட வேலை, மதிப்பீடு, ஆசிரியர் பயிற்சி என்று போக நினைப்பவருக்குத்தான் பெயர் உண்மையிலேயே உதவும். அங்கே வேலைக்கு எடுப்பவர்களில் பலர் சில குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள்; அங்கிருந்து வருபவரின் பயிற்சி எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டு ஆய்வுப் படிப்புக்கும் ஓரளவு இதே கதைதான்.

தனியார் பள்ளியில் முதல்வராவது ஐந்தாவது வழி. நாமக்கல், திருப்பூர் வட்டாரத்துத் தாளாளர்களிடம் பேசிப் பாருங்கள். "எத்தனை வருஷம் ப்ளஸ் டூ எடுத்தீங்க, ரிசல்ட் என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

2. எம்.எட்.டா, எம்.ஏ.வா?

இரண்டும் ஒன்று என்று நினைத்து மாற்றி விண்ணப்பிப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

எம்.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் தேவைப்படும் தொழிற்படிப்பு. பி.எட்., அல்லது அதற்கு இணையான ஆசிரியர் பயிற்சிப் பட்டம், அல்லது பட்டப்படிப்போடு தொடக்கக் கல்விப் பட்டயம் இருக்க வேண்டும். குறைந்தது 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சலுகை உண்டு. 2014 விதிமுறைப்படி இரண்டு ஆண்டு. ஓராண்டு எம்.எட். பற்றி 2025-இல் என்.சி.டி.இ. ஒரு வரைவு வெளியிட்டது. அதைச் சொல்லி யாராவது "ஒரே வருஷம்தாங்க" என்று ஆள் சேர்த்தால், எந்த அங்கீகார ஆணைப்படி நடத்துகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எம்.ஏ. கல்வியியலுக்கு பி.எட். தேவையில்லை. பொறியியல், வணிகவியல் படித்தவர்களும் சேரலாம். நெட் தேர்வில் கல்வியியல் பாடத்தை இரு பட்டக்காரர்களும் எழுதலாம். வித்தியாசம் பணியில் தெரியும்: எம்.ஏ. கல்வியியலோடு பி.எட்.டும் இருந்தால் கல்வியியல் கல்லூரியில் அடிப்படைத் தாள்கள் எடுக்க வழியுண்டு. கணிதம் கற்பித்தல், தமிழ் கற்பித்தல் போன்ற தாள்களுக்கு அந்தப் பாடத்தில் முதுகலையும் எம்.எட்.டும் கேட்பார்கள். முதல் படியில் எழுதிய பதிலை வைத்து இதை முடிவு செய்துவிடுங்கள்.

3. சான்றிதழ்களை இப்போதே விரித்துப் பாருங்கள்

கல்லூரிப் பட்டியல் போடுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், இதில் ஒரு திருத்தம் தேவைப்பட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பத் தேதி அதற்காகக் காத்திருக்காது.

முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. டிகிரியில் இனிஷியல் முன்னால். நம்மூரில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம் இது. தேசிய அளவு நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாமல் அங்கேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடி ஆதாரைத் திருத்திக்கொள்வதுதான் சுலபம்; சான்றிதழைத் திருத்தப் போனால் நாள் போய்விடும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். கையில் இருக்கிற பி.சி., எம்.பி.சி. அட்டை மாநில அரசுக் கல்லூரிகளுக்குப் போதும். மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்று, வளமான பிரிவினர் இல்லை என்ற உறுதியோடு வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கிற எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிரிவின் பெயர் அங்கே எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் இ-சேவை மையம் போய் விண்ணப்பியுங்கள். பழைய நிதியாண்டுச் சான்றை நிராகரிப்பார்கள்.

மூன்றாவது, மதிப்பெண். சில பல்கலைக்கழகங்கள் கிரேடு மட்டும் தருகின்றன. சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழகத்திடம் சான்றாக வாங்குங்கள்; நீங்களே பெருக்கி எழுதினால் சரிபார்ப்பில் பிரச்சினை. வெளி மாநிலம் போகிறவர்கள் இடப்பெயர்வுச் சான்றையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

4. பேர் பற்றிய கவலை: எதைப் பார்ப்பது, எதை விடுவது

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம்.

இந்தக் கவலையில் இரண்டு தனித்தனிச் சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, வேலை கொடுப்பவர் என்ன நினைப்பார் என்பது. அதற்கு முதல் படியிலேயே பதில் சொல்லியாயிற்று. மற்றது, சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா கேட்பார்: "ஏனம்மிணி, டீச்சருக்குத்தான் படிச்சாச்சில்ல, இன்னும் என்ன படிப்பு? நம்ம சித்தப்பன் பையன் பெங்களூருல ஐ.டி.ல இருக்கான், தெரியுமில்ல?" அவருக்குக் குமாரபாளையம் அரசுக் கல்லூரியும் ஒன்றுதான், டெல்லிப் பல்கலைக்கழகமும் ஒன்றுதான், இரண்டும் "டீச்சர் படிப்பு". அவரை அசத்துவதற்காக லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி ஒரு பேரை வாங்கினாலும் அவர் அசரப் போவதில்லை. இந்தப் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள், முடிவு லேசாகிவிடும்.

தரவரிசைப் பட்டியலை நம்பி ஏமாறுவது அடுத்தது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் பொறியியல், மருத்துவம், சட்டம் என்றெல்லாம் தனிப் பிரிவு உண்டு. ஆசிரியர் கல்விக்குத் தனிப் பிரிவே இல்லை. "முதல் அம்பதுக்குள்ள இருக்கற யுனிவர்சிட்டி" என்றால் அது மொத்தப் பல்கலைக்கழகத்தின் இடம். அங்கே கல்வியியல் துறையில் எத்தனை பேர் பாடம் எடுக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு தருகிற கிரேடைப் பார்க்கலாம். அதன் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பழைய கிரேடைப் போர்டில் விட்டு வைத்திருப்பார்கள்.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? அந்தியூர் சந்தையில் மாடு பிடிக்கிறவர், விற்கிறவர் எந்த ஊர்ப் பண்ணையம் என்று கேட்டுவிட்டுக் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கல்லூரியிலும் பார்க்க வேண்டிய பல் ஒன்று உண்டு: நூலகத்தில் பழைய எம்.எட். ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரி. நேரில் போய் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாறு ஆண்டு ஆய்வேடுகளின் தலைப்பை மட்டும் படியுங்கள். "ஈரோடு மாவட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் மனப்பான்மையும் கல்வி அடைவும்" என்று ஒன்று, பக்கத்திலேயே மாவட்டத்தின் பெயரை மட்டும் கரூர் என்று மாற்றி இன்னொன்று, அதற்கடுத்தது சேலம் என்றால், அங்கே ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். வினாத்தாளைக் கொடுத்து வாங்கி, டி-மதிப்பு என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, பைண்டிங் செய்து முடித்திருப்பார்கள். அதே அலமாரியில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து எழுதிய ஆய்வோ, மலைக் கிராமப் பள்ளி பற்றியோ, பாடநூலைப் பிரித்து அலசியதோ இரண்டு மூன்று இருந்தால், வழிநடத்துகிற ஒரு ஆசிரியராவது அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் பணியில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

அப்புறம் வகுப்பு. சொல்லாமல் ஒரு வேலைநாளில் பதினோரு மணிக்குப் போனால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? "வரவே வேண்டாங்க, பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. கேட்க இனிக்கும். ஆனால் விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், களப்பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அதே இரண்டு ஆண்டுக்கு ஒரு பள்ளியில் முழுநேரப் பணி அனுபவச் சான்றும் வாங்கி வைத்திருப்பீர்கள். பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டு தேதிகளும் மோதும்போது எதை விடுவது? பட்டமும் போய் அனுபவமும் போகும்.

5. பட்டியலும் காலண்டரும்

மூன்று வரிசையாக எழுதுங்கள்: வீட்டிலிருந்து போய் வரக்கூடியவை, வெளி மாநிலம், முடிந்தால் வெளிநாடு.

கொங்கு வட்டாரத்தில் தொடங்க: குமாரபாளையம் அரசு கல்வியியல் கல்லூரி, பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயக் கல்வியியல் கல்லூரி, பெண்களுக்குக் கோவை அவினாசிலிங்கம், பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகள். இவை தவிர, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிற தனியார் கல்லூரிகள். எந்தக் கல்லூரியானாலும் எம்.எட்.டுக்கு இந்த ஆண்டு இணைப்பும் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள், பி.எட்.டுக்கு இருந்தால் எம்.எட்.டுக்கும் இருக்கும் என்பதில்லை.

வெளியே: மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனம், என்.சி.இ.ஆர்.டி. நடத்துவது. நமக்குப் பக்கம் என்பதாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சத்தியமங்கலம் ஏறி இறங்கினால் போய்விடலாம். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியல். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம்.

தேதிதான் இங்கே ஆளைக் கவிழ்ப்பது. மாநிலக் கல்லூரிகளின் சேர்க்கை பி.எட். ரிசல்ட் வந்த பிறகு நடக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வுக்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில். தேர்வு மார்ச் ஒட்டி. "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று இருப்பவர்களுக்கு அந்தக் கதவு ஆறு மாதம் முன்பே மூடியிருக்கும். கடைசி ஆண்டில் படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். ஆகவே புரட்டாசியிலேயே பட்டியல் தயாராக இருக்கட்டும்.

6. நுழைவுத் தேர்வு

ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதிப் பழகியவர்கள் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். டெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. தெரியாவிட்டாலும் எதையாவது நிரப்புவோம். க்யூட்டில் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவது அங்கே உதவாது. பாடப் பகுதிக்கு உங்கள் பி.எட். புத்தகங்களே அடிப்படை, ஆங்கிலத்தில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கும், கலைச்சொல்தான் இடிக்கும்.

7. நோக்க அறிக்கை எழுதுவது

ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதித் தருவதுதான் நோக்க அறிக்கை. மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலும் இது கேட்பதில்லை. கேட்கிற இடத்தில் இதுதான் உங்களையும் மற்றவரையும் பிரிக்கிறது. சாதாரணக் கல்லூரியில் படித்தோமே என்ற கவலை இருப்பவர்களுக்கு அதை ஈடுகட்டக் கிடைக்கும் இடமும் இதுதான்.

பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்: "கல்வி சமுதாயத்தின் முதுகெலும்பு. சிறு வயது முதலே ஆசிரியர் ஆவது என் லட்சியம்." படிப்பவர் அன்றைக்கு இதே வரியைப் பத்தாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஓர் அரசுப் பள்ளியில் எனக்குக் கற்பித்தல் பயிற்சி. ஏழாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மாணவி, கரும்பலகையில் எண்களாக எழுதிய கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிடுவாள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் நோட்டை மூடிவிடுவாள். அவளுக்கு வராதது கணக்கா, தமிழா என்று பிரித்துச் சொல்ல எங்கள் தேர்வுத்தாளில் வழியில்லை. அப்படிப் பிரித்துக் காட்டும் மதிப்பீட்டை உருவாக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்."

இரண்டாவதில் ஒரு குழந்தை இருக்கிறது, ஒரு கேள்வி இருக்கிறது, எதைப் படிக்க வருகிறார் என்பதும் இருக்கிறது. நீங்கள் எந்தக் கல்லூரியில் பி.எட். முடித்தீர்கள் என்பது அதற்குப் பிறகு பெரிதாகக் கண்ணில் படாது. தாளவாடி மலையில் கன்னடம் பேசும் பிள்ளைகள், வால்பாறை எஸ்டேட் பள்ளி, செங்கல் சூளை சீசனில் காணாமல் போகிற மாணவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தது ஒன்று இருக்கும். பார்க்காததை எழுதாதீர்கள், நேர்காணலில் அதிலிருந்துதான் கேட்பார்கள்.

கடைசிப் பத்தியில் அந்தக் கல்வி நிறுவனத்தில் எந்தப் பாடம், எந்த ஆசிரியரின் ஆய்வு உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது என்று இரண்டு வரி. "புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில்" என்ற வரியை அடித்துவிடுங்கள். அவர்கள் புகழ் அவர்களுக்குத் தெரியும்.

8. பரிந்துரைக் கடிதம்

பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்கினால் எடை கூடும் என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக இருக்கிறது. தாளாளர், எம்.எல்.ஏ., முன்னாள் துணைவேந்தர் என்று போவார்கள். அவர் உங்கள் வகுப்பைப் பார்த்ததே இல்லை. "நல்ல ஒழுக்கமுள்ளவர்" என்று இரண்டு வரி தருவார். உங்கள் பாடக்குறிப்பேட்டைத் திருத்திய பேராசிரியர், கற்பித்தல் பயிற்சியில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த வழிகாட்டி ஆசிரியர், இவர்கள்தான் சரியான ஆட்கள்.

கேட்கப் போகும்போது உங்கள் நோக்க அறிக்கையும், அவர் பார்த்த உங்கள் வேலை ஒன்றின் நகலும் கையில் இருக்கட்டும். "நீங்களே எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்று சொன்னால், "இந்த மூன்று விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், உங்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொடுத்தால் நல்லதுங்க ஐயா" என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டு கடிதமும் ஒரே நடையில் இருந்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு மாத அவகாசமாவது கொடுக்க வேண்டும்.

9. வெளிநாடு பற்றிச் சுருக்கமாக

பள்ளி பன்னிரண்டு, பட்டப்படிப்பு மூன்று, பி.எட். இரண்டு என்று சேர்த்தால் பதினாறு ஆண்டுக் கல்வி என்ற நிபந்தனை தாண்டிவிடும். ஹார்வர்டின் கல்வியியல் முதுகலை உட்பட அங்கே பல படிப்புகள் ஓராண்டுதான். அந்த ஓராண்டுப் பட்டத்தோடு திரும்பி வந்து இங்கே கல்லூரிப் பணிக்குப் போக நினைத்தால் சமநிலைச் சான்று கேட்பார்கள். அது கிடைக்குமா என்று விசாரித்த பிறகே கடன் பற்றிப் பேசுங்கள். ஃபுல்பிரைட்-நேரு, காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசு தரும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைக்கும் அதனதன் தேதியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்தை அடமானம் வைத்துப் போகிற அளவுக்கு இந்தத் துறையில் திரும்ப வரும் சம்பளம் இல்லை. இது என் கருத்து. உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

10. பணமும் சேர்க்கையும்

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. விளம்பரத்தில் இருக்கும் கட்டணத்தைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வருமானச் சான்று, அப்பாவின் சம்பளச் சீட்டு அல்லது நில விவரம் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு கேட்பார்கள். மூன்றாம் படியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் பதிவு செய்யுங்கள். 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை.

இரண்டு மூன்று இடங்களில் இடம் கிடைத்து, பிடித்த இடத்தின் ரிசல்ட் மட்டும் தாமதமானால், கையில் இருப்பதில் ஒன்றைக் கட்டணம் கட்டிப் பிடித்து வைக்கலாம். ஆனால் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் அதைக் கடைசியாக முடிவான இடத்தில் மட்டும் கொடுங்கள், கொடுக்குமுன் நான்கைந்து நகல் எடுத்துக்கொண்டு.